கோதிக் புனைவில் அறிவியல் அறம்: பாத்திரங்களின் கருத்து மோதலை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

இருளும் திகிலும் மர்மமும் நிறைந்த கோதிக் புனைவில் வரும் விஞ்ஞானிகளைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே தீர்ப்பில் போய் முடிகின்றன. விஞ்ஞானி வரம்பு மீறினான், அதற்கான தண்டனையை அடைந்தான், அவனை எச்சரித்தவர் அறத்தின் பக்கம் நின்றார் என்பது அந்தத் தீர்ப்பு. மூல நூல்களை வரிவரியாகப் படிப்பவருக்கு இது போதாது. எச்சரிப்பவருக்கும் சொந்த லாப நட்டங்கள் இருக்கின்றன. அவர் எதிர்ப்பது ஒன்றாகவும், அவர் எதிர்த்ததாக நாம் நினைவில் வைத்திருப்பது வேறொன்றாகவும் பல இடங்களில் இருக்கிறது. சோதனைக்கு ஆளானவரின் தரப்பைக் கேட்க அனேகமாக யாரும் முன்வருவதில்லை.

மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்' (1818), நதானியேல் ஹாதோர்னின் 'ராப்பச்சினியின் மகள்' (1844), ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'பிணந்திருடன்' (1884), அவருடைய 'டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்' (1886), எச். ஜி. வெல்ஸின் 'டாக்டர் மோரோவின் தீவு' (1896) ஆகிய ஐந்து படைப்புகளை இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. கடைசி நூலை அறிவியல் புனைவு என்ற அலமாரியில் மட்டும் வைப்பவர்கள் உண்டு. பூட்டிய அறையும் அதனுள்ளிருந்து வரும் அலறலும் தப்ப முடியாத தீவுமாக நகரும் அக்கதை கோதிக் மரபின் பிள்ளைதான் என்பது என் எண்ணம். கதைகளின் முடிவுகள் கீழே ஒளிவுமறைவின்றிப் பேசப்படுகின்றன.

முதல் படி: சண்டை எங்கே பேசப்படுகிறது, எங்கே மறைக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஒரே ஓர் இணையைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். ஜெகிலும் லான்யனும் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள். தாமே தயாரித்த மருந்தைக் குடித்து ஹைட் என்ற கொடியவனாக உருமாறுபவர் ஜெகில். நூலில் பத்தே அத்தியாயங்கள்தான் இருக்கின்றன, இருவரும் மருத்துவர்கள், நெடுநாள் நண்பர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் வழக்கறிஞர் அட்டர்சன், கேவண்டிஷ் சதுக்கத்தில் இருக்கும் லான்யனின் வீட்டுக்குப் போய் ஜெகிலைப் பற்றி விசாரிக்கிறார். பத்தாண்டுகளுக்கு மேலாகவே ஜெகிலின் புத்தி தடம் மாறிவிட்டதென்றும், அவர் பேசுவதெல்லாம் அறிவியலுக்கு ஒவ்வாத பிதற்றல் என்றும் லான்யன் முகம் சிவக்கச் சொல்கிறார். அட்டர்சனுக்கோ அதைக் கேட்டு நிம்மதி பிறக்கிறது. ஏதோ ஓர் அறிவியல் விஷயத்தில் கருத்து வேறுபாடு, அவ்வளவுதானே என்று தேற்றிக்கொள்கிறார். அடுத்த அத்தியாயத்தில் ஜெகில் தன் பங்குக்கு லான்யனைக் குறுகிய மனம் கொண்ட ஏட்டுப் பண்டிதர் என்கிறார். சண்டை எதைப் பற்றியது என்பதை மட்டும் இருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. அது ஒன்பதாம், பத்தாம் அத்தியாயங்களில், இருவருடைய கதையும் முடிந்த பிறகு, உறையிட்டு மூடிய எழுத்துகளாகவே வாசகருக்குக் கிடைக்கிறது.

எனவே ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, நிகழ்ச்சிகள் நடந்த வரிசையை ஒரு பக்கமும் அவை சொல்லப்படும் வரிசையை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்கு அந்த விவாதம் மற்றவர்களிடமிருந்து மறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தேதிகளை ஒப்பிடும்போது ஓர் இடத்தில் இடறும்: ஜெகில் லான்யனிடம் உதவி கேட்டு எழுதிய கடிதத்தில் டிசம்பர் 10 என்றிருக்க, அதை ஜனவரி 9 அன்று மாலைத் தபாலில் பெற்றதாக லான்யன் எழுதுகிறார். இதை ஸ்டீவன்சனின் கவனப்பிசகாகவே கொள்ளலாம். இதன்மேல் கோட்பாடு கட்ட வேண்டியதில்லை.

'பிராங்கென்ஸ்டைன்' நூலுக்கு இந்தத் தாள் இன்னும் அவசியம். ஓர் உயிரைப் படைத்துவிட்டுக் கைவிட்ட விக்டர் பிராங்கென்ஸ்டைன் தன் வரலாற்றைக் கப்பல் தலைவன் வால்டனிடம் சொல்கிறான், வால்டன் அதைத் தன் சகோதரிக்கு எழுதுகிறான், விக்டரின் கதைக்குள் படைக்கப்பட்ட உயிர் தன் கதையைச் சொல்கிறது. ஒரு வாதத்தை மேற்கோள் காட்டும்போது அது எத்தனை வாய்கள் கடந்து வந்தது என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

இரண்டாம் படி: கதைக்கு வெளியே அன்று நடந்த வழக்கைக் கண்டுபிடியுங்கள்

பாத்திரங்கள் பேசும் அறம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1803-இல் இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவான்னி ஆல்டினி, லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்பவரின் உடலில் மின்சாரம் செலுத்தித் தாடையையும் கைகளையும் அசையவைத்துக் காட்டினார். 1810-களில், உயிர் என்பது உடலுக்கு வெளியிலிருந்து வரும் ஏதோ ஒரு பொருளா, உடலின் அமைப்பிலிருந்தே தோன்றும் இயக்கமா என்று ஜான் அபெர்னெதியும் வில்லியம் லாரன்ஸும் லண்டன் அறுவை மருத்துவக் கல்லூரியின் சொற்பொழிவுகளில் வெளிப்படையாக மோதினார்கள். லாரன்ஸ், மேரி ஷெல்லியின் கணவரான கவிஞர் பெர்சி ஷெல்லிக்கு வைத்தியம் பார்த்தவர். 1818-இல் வெளிவந்த நாவலுக்கு இதைவிட நெருக்கமான பின்னணி தேவையில்லை.

பிணங்களைப் பற்றிய வழக்கு இதைவிட நீளமானது, நம் தேவைக்கு இதைவிட வளமானதும்கூட. அந்நாளில் பிரிட்டனின் உடற்கூறியல் பள்ளிகளுக்குச் சட்டப்படி கிடைத்தவை தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்கள்தாம். மாணவர்களின் எண்ணிக்கைக்கு அவை போதவில்லை. பற்றாக்குறையைக் கல்லறைத் திருடர்கள் நிரப்பினார்கள். 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் தோண்டும் வேலையையும் மிச்சப்படுத்திக்கொண்டு, ஆட்களைக் கொன்றே ராபர்ட் நாக்ஸின் (Knox) உடற்கூறியல் பள்ளிக்கு விற்றார்கள். கொல்லப்பட்டவர்கள் 16 பேர். 1832-ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் திருட்டை ஒழித்தது. ஆனால் யாரும் கேட்டு வராத ஏழைகளின் உடல்களைப் பள்ளிகளுக்குத் தருவதன் மூலம் ஒழித்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'பிணந்திருடன்' கதையைப் படியுங்கள். எடின்பரோ நகரத்தவரான ஸ்டீவன்சன், கதையில் வரும் உடற்கூறியல் ஆசிரியரின் பெயரை 'கே' (K) என்ற ஓரெழுத்தாக மட்டும் தருகிறார். யாரைச் சொல்கிறார் என்பது அன்றைய வாசகருக்கு விளங்காமல் இருந்திருக்காது. மாணவன் ஃபெட்டிஸ் விடியும் முன்பே எழுந்து, கொண்டுவரப்படும் உடல்களை வாங்கிப் பணம் கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறான். முந்தைய நாள் உயிரோடும் நலத்தோடும் பார்த்த ஒரு பெண்ணின் உடல் ஒருநாள் அவன் மேசைக்கு வருகிறது. வகுப்பு உதவியாளன் மக்ஃபர்லேனிடம் ஓடுகிறான். மக்ஃபர்லேன் மறுக்கவில்லை, உடலைப் பார்த்துச் சந்தேகத்துக்கு இடமிருப்பதை ஒப்புக்கொள்கிறான், ஆனால் அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்கிறான். பின்னர் அவனே ஓர் உடலைக் கொண்டுவரும்போது, அதற்கான விலையை வாங்கிக்கொண்டு கணக்குப் புத்தகத்தில் பதியச் சொல்லி ஃபெட்டிஸை வற்புறுத்துகிறான். ஃபெட்டிஸ் தேதியையும் தொகையையும் எழுதுகிறான். அந்தப் பதிவோடு அவனுடைய எதிர்ப்பு முடிந்துவிடுகிறது. அறிவியலின் பெயரால் யாரும் இங்கே உரையாற்றுவதில்லை என்பதைக் கவனியுங்கள்; கேள்வி கேட்காதே என்ற வகுப்பறை வழக்கமே போதுமானதாக இருக்கிறது.

மோரோவின் காலத்துக்கு வரும்போது வழக்கு விலங்குகளைப் பற்றியதாக மாறிவிட்டது. உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆய்வதற்கு உரிமம் வேண்டும் என்று பிரிட்டன் 1876-இல் சட்டம் இயற்றியது. வெல்ஸ் அதற்குப் பிறகு, தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தவர்.

மூன்றாம் படி: எதிர்ப்பு எதற்கு என்பதைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு பாத்திரம் சோதனையை எதிர்க்கிறது என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது. நோக்கத்தையா, முறையையா, சோதனைக்கு உட்படுபவரைத் தேர்ந்த விதத்தையா, இரகசியத்தையா, சோதனைக்குப் பிறகு பொறுப்பைக் கைகழுவியதையா என்று கேட்டுப் பதிலை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். பெரும்பாலான பாத்திரங்கள் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் எதிர்க்கின்றன. மற்றவற்றில் எதிராளியோடு ஒத்துப்போகின்றன.

மோரோவும் அவருடைய தீவில் வந்து சிக்கிக்கொண்ட பிரெண்டிக்கும் நேருக்கு நேர் பேசும் பதினான்காம் அத்தியாயம் இதற்குச் சிறந்த பயிற்சி. விலங்குகளை அறுத்து மனித வடிவத்துக்குக் கொண்டுவரும் மோரோ, வலி என்பது பரிணாமத்தில் உதிர்ந்துபோகவேண்டிய வெறும் எச்சரிக்கை மணி என்று வாதிடுகிறார். அதை நிரூபிக்கப் பேனாக்கத்தியை எடுத்துத் தம் தொடையிலேயே குத்திக்காட்டுகிறார். இந்த விஷயத்தின் அறத்தைப் பற்றித் தாம் கவலைப்பட்டதே இல்லை என்றும், இயற்கையை ஆராய்பவன் இறுதியில் இயற்கையைப் போலவே இரக்கமற்றவனாகிறான் என்றும் சொல்கிறார். பேனாக்கத்தியை வாசகர் மறந்துவிடக் கூடாது. அது அவர் கை, அவர் தொடை, எந்த இடத்தில் குத்தினால் வலிக்காது என்பதும் அவருக்குத் தெரியும். சில அத்தியாயங்களுக்கு முன் மோரோவின் கத்தியின்கீழ் பகல் முழுவதும் கதறிய பூமா என்ற விலங்குக்கு இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

பிரெண்டிக் என்ன சொல்கிறான்? உயிருள்ள விலங்கை அறுப்பதை மன்னிக்கவேண்டுமானால் அதனால் ஏதாவது பயன் இருக்கவேண்டும் என்று தொடங்கும்போதே மோரோ குறுக்கிட்டுவிடுகிறார். பின்னால், மிருக மனிதர்கள் படும் அவதியைக் கண்ட பிறகு, மோரோவுக்குப் புரிந்துகொள்ளத்தக்க ஒரு நோக்கம் இருந்திருந்தால் தன்னால் ஓரளவேனும் ஏற்றுக்கொள்ள முடிந்திருக்கும் என்றும், வலி அளவில் தனக்கு அவ்வளவு அருவருப்பு இல்லை என்றும், பொறுப்பற்ற அலட்சியத்தைத்தான் பொறுக்கமுடியவில்லை என்றும் நினைக்கிறான். ஆக, பிரெண்டிக்கை வலிக்கு எதிரான குரலாக எழுதுவது நூலுக்குப் பொருந்தாது. பயன் என்ற ஒரே ஒரு நிபந்தனையில்தான் அவன் மோரோவிடமிருந்து விலகுகிறான். விலங்குகளோடு உண்மையிலேயே ஒட்டி வாழ்ந்தவன் குடிகார உதவியாளன் மாண்ட்கோமரி. அவனோ அறுவை அறைக்கு வேண்டியதையெல்லாம் செய்துகொடுத்துக்கொண்டே இரங்குகிறான். மாணவர் கட்டுரைகளில் இந்த மூன்றாவது ஆள் விடுபட்டுப்போவதை அடிக்கடி காணலாம்.

நான்காம் படி: கண்டிப்பவரின் கைகளையும் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஹாதோர்னின் கதை இத்தாலியின் படுவா நகரில் நடக்கிறது. ராப்பச்சினி நச்சுச் செடிகளுக்கிடையே தம் மகள் பியாட்ரிஸை வளர்த்து அவளையே நஞ்சாக்கியவர். அவருக்கு மனிதர்களைவிட அறிவியலே பெரிது, நோயாளிகள் அவருக்குப் புதிய சோதனைக்கான பொருள்கள் மட்டுமே என்று இளைஞன் ஜியோவான்னியிடம் எச்சரிப்பவர் பேராசிரியர் பாக்லியோனி. குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் அவர்கள் இருவருக்கும் இடையே நெடுநாளைய தொழிற்போட்டி இருப்பதைக் கதையே சொல்லிவிடுகிறது. பாக்லியோனி அதோடு நிற்கவில்லை. ஒரு வெள்ளிக் குப்பியில் முறிமருந்து என்று ஒன்றை ஜியோவான்னியின் கையில் கொடுத்தனுப்புகிறார். பியாட்ரிஸை அவர் பரிசோதித்ததில்லை, அவளுடைய உடலில் அது எப்படி வேலை செய்யும் என்று அறிந்ததில்லை. அவள் அதைக் குடித்து இறந்துகொண்டிருக்கும்போது சன்னலிலிருந்து எட்டிப்பார்த்து, இதுதானா உன் சோதனையின் முடிவு என்று ராப்பச்சினியை நோக்கிக் கத்துகிறார். அந்தத் தொனியில் வெற்றியும் திகிலும் கலந்திருந்தன என்று ஹாதோர்ன் எழுதுகிறார். அந்தத் தோட்டத்தில் அன்று நடந்தவை இரண்டு சோதனைகள்.

லான்யனிடம் திரும்புவோம். அவர் பத்தாண்டுகளாக எதிர்த்தது ஜெகிலின் முறையை. அவருக்கு அது கற்பனை கலந்த போலி அறிவியல். நள்ளிரவில் ஹைட் அவர் வீட்டுக்கு வந்து மருந்தைக் கலக்கிறான். கலவை சிவப்பிலிருந்து ஊதாவாகிப் பிறகு நீர்த்த பச்சையாக மாறுகிறது. குடிக்கும் முன் ஹைட் ஒரு தேர்வை வைக்கிறான்: குவளையோடு நான் வெளியேறிவிடட்டுமா, அல்லது ஆர்வத்தின் பேராசை உங்களைப் பிடித்துக்கொண்டதா? இந்த ஐந்து நூல்களில், ஒரு சோதனைக்கு முன்பு இவ்வளவு தெளிவாகச் சம்மதம் கேட்கப்படும் இடம் வேறில்லை என்று நினைக்கிறேன், அதைக் கேட்பவன் ஒரு கொலைகாரன். இவ்வளவு தூரம் வந்த பிறகு முடிவைப் பார்க்காமல் விடமாட்டேன் என்கிறார் லான்யன். மருத்துவத் தொழிலின் இரகசியக் காப்பு உறுதியை நினைவூட்டிவிட்டுத்தான் ஹைட் குடிக்கிறான், லான்யனின் கண்ணெதிரே ஜெகிலாக மாறுகிறான்.

அதற்குப் பிறகு லான்யன் செய்ததை எழுதிவையுங்கள். சர் டான்வர்ஸ் கேரூவைக் கொன்றதற்காக நாடெங்கும் தேடப்படுபவன் இவன்தான் என்று ஜெகிலின் வாயாலேயே அறிகிறார். காவல்துறைக்குச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் எழுதி உறையிலிட்டு, ஜெகிலின் மரணம் அல்லது மறைவுக்குப் பிறகே திறக்கவேண்டும் என்று அட்டர்சனுக்கு விட்டுவிட்டு, அதிர்ச்சியிலேயே சில வாரங்களில் இறந்துபோகிறார். அவருடைய மௌனத்தை நோயாளியின் இரகசியம் காப்பதாகவும் படிக்கலாம், நண்பனின் மானம் காப்பதாகவும் படிக்கலாம். தாம் விரும்பிப் பார்த்ததற்கான வெட்கமாகவும் படிக்கலாம். எனக்கு மூன்றாவதே அதிகம் பொருந்துகிறது. எப்படியாயினும், ஜெகில் மறைத்தார், லான்யன் வெளிப்படுத்தினார் என்ற எளிய எதிர்நிலை இங்கே நிற்காது.

முறையைப் பற்றிய பழைய சண்டையில் மட்டும் லான்யனுக்கு ஓர் எதிர்பாராத வெற்றி இருக்கிறது. ஜெகிலின் குறிப்பேட்டை அவர் புரட்டிப் பார்க்கும்போது, பல ஆண்டுகளுக்கான தேதிகளும் சில நூறு பதிவுகளுக்கிடையே 'இரட்டிப்பு' என்ற சொல் ஏறக்குறைய ஆறு முறையும் தொடக்கத்தில் ஒருமுறை மூன்று ஆச்சரியக்குறிகளோடு 'முழுத் தோல்வி' என்ற குறிப்பும்தான் இருக்கின்றன. இறுதி அறிக்கையில் ஜெகில், முதலில் வாங்கிய உப்பில் கலந்திருந்த இனம் தெரியாத மாசுதான் மருந்துக்கு ஆற்றலைத் தந்திருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார். லண்டன் முழுதும் தேடியும் அது மறுபடி கிடைக்கவில்லை. தம் சோதனையை அவராலேயே திருப்பிச் செய்ய முடியவில்லை. அறிவியலுக்கு ஒவ்வாதது என்று கேவண்டிஷ் சதுக்கத்தில் சொல்லப்பட்ட வசை, சொன்னவரே அறியாத ஒரு காரணத்தால் உண்மையாகிவிட்டது.

ஐந்தாம் படி: சோதனைக்கு ஆளானவரின் பேச்சைத் தனியே எடுத்துப் படியுங்கள்

படைக்கப்பட்ட உயிரின் பேச்சைப் பனியாற்றுச் சந்திப்பிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். உயிரோடு இப்படி விளையாட உனக்கு எப்படித் துணிவு வந்தது என்று அது விக்டரைக் கேட்கிறது. ஆயினும் வாதத்தின் எடை படைத்ததன் மேல் விழவில்லை, படைத்துவிட்டுக் கைவிட்டதன் மேல் விழுகிறது. உன் கடமையை நீ எனக்குச் செய், என் கடமையை நான் உனக்கும் மனித குலத்துக்கும் செய்கிறேன் என்பதே அதன் கோரிக்கை. விக்டர் ஒரு துணையைப் படைத்துத்தர ஒப்புக்கொண்டு, ஆர்க்னி தீவில் வேலை பாதியில் இருக்கும்போது அதைச் சிதைத்துவிடுகிறான். அவன் சொல்லும் காரணங்களில் ஒன்று கூர்ந்து பார்க்கத்தக்கது: தான் பிறக்குமுன் செய்யப்பட்ட ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட அந்தப் பெண் மறுக்கக்கூடும். சோதனைக்கு உட்படுபவரின் சம்மதம் என்ற எண்ணம் விக்டரின் மனத்தில் தெளிவாக எழும் இடம் இது. அது எழுந்தவுடன் அவளைப் படைக்காமல் விடுவதற்கான காரணமாக மாறிவிடுகிறது.

பியாட்ரிஸுக்குக் கிடைப்பவை சில வரிகளே. எந்தப் பகைவனும் அண்டமுடியாத வலிமையை உனக்குத் தந்தேனே, எல்லாத் தீங்குக்கும் ஆளாகும் பலவீனமான பெண்ணாக இருப்பதையா விரும்பியிருப்பாய் என்று தந்தை கேட்கிறார். அஞ்சப்படுவதைவிட நேசிக்கப்படுவதையே விரும்பியிருப்பேன் என்று சொல்லிவிட்டு இறக்கிறாள். ராப்பச்சினியின் கேள்வியை வில்லனின் வசனம் என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளைக்கு நல்லதைச் செய்கிறேன் என்று முழுமனத்தோடு நம்பும் தந்தையின் குரல் அது.

'பிராங்கென்ஸ்டைன்' நூலில் இன்னொரு கூட்டத்தாரும் சோதனைக்கு ஆளானவர்களே: வால்டனின் மாலுமிகள். வட துருவத்தை நோக்கிய பயணத்தில் கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கியபோது, விடுபட்டால் தெற்கே திரும்பிவிட வேண்டும் என்று அவர்கள் தலைவனிடம் கேட்கிறார்கள். சாகக்கிடக்கும் விக்டர், அறிவுத் தாகத்தின் கேட்டைப் பற்றி அதுவரை வால்டனுக்குப் பாடம் சொன்ன அதே விக்டர், எழுந்து உட்கார்ந்து அவர்களைக் கோழைகள் என்று ஏசி முன்னேறச் சொல்கிறான். இரண்டு நாள் கழித்து வால்டன் மாலுமிகளின் விருப்பத்துக்கு இணங்குகிறான். மனமுவந்து அல்ல, கசப்போடு. பிறருடைய அறிவு வேட்கைக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள் வேண்டாம் என்று சொல்லி, அந்தச் சொல் மதிக்கப்பட்டது இந்த நாவலில் இங்கு மட்டும்தான். அவர்களில் ஒருவருக்கும் அந்தக் காட்சியில் பெயர் இல்லை.

ஆறாம் படி: எழுதும்போது

எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். 'பிராங்கென்ஸ்டைன்' நூலை மேரி ஷெல்லி 1831-இல் திருத்தினார். விதியின் கை விக்டரை இழுத்துச் செல்வதாக வரும் அழுத்தம் அந்தத் திருத்தத்தில் கூடியது; அறிவைப் பெறுவதற்கு ஒரு மனிதனின் உயிர் சிறிய விலைதான் என்று வால்டன் சொல்வதும் அப்போது சேர்ந்ததே. படைப்பாளியின் மகத்தான இயந்திரத்தை மனிதன் போலிசெய்ய முனைவது பயங்கரமானது என்ற வரி 1831-இன் முன்னுரையில் வருகிறது. கடவுளின் இடத்தைக் கைப்பற்றப் பார்த்தவனின் கதை என்ற வாசிப்புக்கு அந்த முன்னுரையும், தலைப்பிலேயே 'ஆணவம்' என்று தீர்ப்பெழுதிய 1823-ஆம் ஆண்டு மேடை நாடகமும் பெரிதும் துணைநின்றன. 1818-இன் மூலத்தை வைத்து எழுதுபவர் அந்த வாசிப்பை அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது.

கட்டுரையின் நடுப்பகுதியில் மூன்றாம் படியில் எழுதிய வாக்கியங்களையும், அவற்றுக்கு எதிரே நான்காம், ஐந்தாம் படிகளில் கிடைத்தவற்றையும் வையுங்கள். இரண்டு பாத்திரங்களில் ஒருவரை வெற்றியாளராக அறிவிக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரே பாத்திரம் தன்னோடு தானே முரண்படும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள். விக்டரின் இறுதிப் பேச்சை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும், அமைதியில் இன்பம் தேடு, அறிவியலில் புகழ் தேடும் பேராசையைக்கூடத் தவிர்த்துவிடு என்ற அறிவுரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு அடுத்த வாக்கியத்தில், இதை ஏன் சொல்கிறேன், நான் தோற்றேன், இன்னொருவன் வெல்லக்கூடுமே என்கிறான். சற்று முன்னால், தன் கடந்தகால நடத்தையை ஆராய்ந்து பார்த்ததில் குற்றம் எதுவும் காணவில்லை என்றும் சொல்லியிருக்கிறான். மேற்கோள் காட்டுவதானால் மூன்றையும் சேர்த்தே காட்டுங்கள்.